அடியில் கட்டிய ஏணை

வலைப்பந்தாட்ட அணிப் பிள்ளைகளுக்குக் கயிறடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மாசி மாதத்துக் காலை, மைதானத்துப் புல்லில் பனி இன்னும் காயவில்லை. ஐம்பது தரம் அடிக்கவேண்டும். பன்னிரண்டாவதில் நின்றுவிட்டேன். கால் தடக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. சலம் போய்விட்டது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு இல்லை. தொடை வரைக்கும் நனைந்துவிட்டது. கருநீல ட்ராக் பொட்டம் என்றபடியால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. முகம் கழுவுகிற சாட்டில் போத்தல் தண்ணீரை மடியிலும் ஊற்றிக்கொண்டு, "இனி நீங்கள் அடியுங்கோ, நான் எண்ணுறன்" என்றேன்.

மகனுக்கு அப்போது எட்டு மாதம். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்த கையோடு பள்ளிக்கூடம் திரும்பி, வலயமட்டப் போட்டிக்கு அணியைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வருடமாக உடற்கல்வி படிப்பிக்கிறேன். தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற பிறகு எங்கள் பக்கப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் தனி ஆசை. எப்படித் துள்ளுவது, விழும்போது முழங்காலை எப்படி மடிப்பது, பின்தொடைத் தசையை எப்படி இழுத்து விடுவது என்று நாள் முழுக்கத் தசைகளைப் பற்றியே கதைக்கிறவள் நான். உடம்பின் அடியில் ஒரு தசைத்தளம் இருக்கிறது, துள்ளுகிற ஒவ்வொரு தரமும் பாரத்தைத் தாங்குவது அதுதான் என்பது எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானும் தேடவில்லை.

ஒரு கிளினிக்கில் கேட்டேன். "பிள்ளை பெத்தா உப்பிடித்தான். போகப் போகச் சரிவரும். இப்போதைக்கு பாட் வையுங்கோ" என்றார் டொக்டர். வெளியே வரிசை நீளம், அவருக்கும் நேரமில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, மழை தூறத் தொடங்கியதென்று கொடியில் கிடந்த உடுப்புகளை ஓடி ஓடி எடுத்தேன். அம்மாவின் பாவாடையை இழுத்தபோது அதற்குக் கீழே மறைத்துக் காயப்போட்டிருந்த துணித்துண்டுகள் கண்ணில் பட்டன. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நான்காக மடித்து, ஓரம் தைத்த துண்டுகள். ஏழு இருந்தன. அம்மாவின் கைத்தையல்தான், சின்னச் சின்னதாக, கோடு பிடித்தமாதிரி நேராக. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேலான மனுசிக்கு இது எதற்கு?

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். துருவலையில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"இருமினா, தும்மினா கொஞ்சம் போகும் பிள்ளை. அதுக்குத்தான்."

"எவ்வளவு காலமா அம்மா?"

"உன்ர தம்பி பிறந்ததில இருந்து."

தம்பிக்கு முப்பது வயது.

தம்பி பிறந்து பத்தொன்பதாம் நாள், 1995 ஒக்டோபர் 30, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், மழை, சனம். எனக்கு எட்டு வயது, அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தேன். அம்மா தம்பியைச் சேலையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தலையில் அரிசிப் பையோடு நடந்தார். பச்சை உடம்பு. துடக்குக் கழியவில்லை, தையல் ஆறவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் கிடைத்த பிறகுதான் காலை நீட்டிப் படுத்தார். திரும்பி வந்த பிறகும் ஓய்வு ஏது? வெங்காயத் தோட்டம், இறைப்பு, கிணற்றில் வாளி வாளியாக அள்ளி ஊற்றுவது.

"அப்ப நல்லூரில அடி அழிக்கிறதை விட்டதும் இதாலயா?"

சாமிக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வருவதுதான் அடி அழிப்பது. அம்மா தேங்காய்த் துருவலைத் தட்டி ஒதுக்கினார். "விழுந்து எழும்பேக்க போயிடும். சாமிக்குப் பின்னால கோயில் வீதியில… கூடாதெல்லே?"

முழங்கால் வருத்தம் என்றுதான் நாங்கள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். எண்ணெய் வாங்கிக் கொடுத்தோம். வருடா வருடம் நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாளும் தெருவால் போகிற சனத்தைப் படலையில் நின்று பார்த்து அனுப்பிவிட்டு உள்ளே வருவார். அம்மா முழங்காலைத் தடவியதை நான் கண்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

என்னோடு உயர்தரம் படித்த சிநேகிதி ஒருத்தி இயன்மருத்துவர். வெட்கத்தை விட்டு அவளுக்கு எடுத்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். படம், பொம்மை ஒன்றும் கொண்டுவரவில்லை. விறாந்தை வளையில் மகனுக்குக் கட்டியிருந்த ஏணையைக் காட்டினாள்.

"உதைப் பார். முன்பக்கம் அடிவயித்துக்குக் கீழ இருக்கிற எலும்பில ஒரு முடிச்சு. பின்பக்கம் வால் எலும்பில ஒரு முடிச்சு. நடுவில தொங்கிற சேலைதான் அந்தத் தசை. சலப்பை, கருப்பை, மலக்குடல் மூண்டும் அதுக்கு மேலதான் இருக்கு. சலம் போற வழி, பிள்ளை வாற வழி, வெளிக்குப் போற வழி மூண்டும் அதுக்குள்ளாலதான் வருது. நீ மூச்சை இழுக்கேக்க அது கொஞ்சம் பதியும். விடேக்க எழும்பும்."

கர்ப்பத்தில் மாதம் மாதம் அந்த ஏணையில் பாரம் ஏறுகிறது. ஓமோன்கள் இழையங்களை இளக்குகின்றன. பிரசவத்தின்போது தசையின் உட்பகுதி அதன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2004இல் கணினி மாதிரி வைத்துக் கணித்திருக்கிறார்கள். பிள்ளை பெரிதென்றால், கனநேரம் முக்கவேண்டி வந்தால், ஆயுதம் போட்டு எடுத்தால் சேதம் கூடலாம். சிசேரியன் என்றால் தப்பிவிட்டோம் என்றும் இல்லை. ஒன்பது மாதம் சுமந்ததும் அதே தசைதான்.

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபம். மைதானத்தில் ஒரு பிள்ளைக்குத் தொடைத் தசை கிழிந்தால் என்ன செய்வேன்? ஐஸ் வைப்பேன், தாயைக் கூப்பிடுவேன், கிழமைக் கணக்கில் இருத்தி வைப்பேன். பிறகு நடை, மெல்லோட்டம் என்று படிப்படியாகத்தான் இறக்குவேன். வெட்டித் தைத்த என் உடம்பை நாற்பத்தோராம் நாளே தரையில் கிடத்தி வயிறு குறையட்டும் என்று 'சிட் அப்' அடித்தேன். தலையைத் தூக்கும் ஒவ்வொரு தரமும் வயிற்றின் அழுத்தம் முழுதும் ஆறாத தசைமேல் இறங்கியிருக்கிறது. ஓட்டம், துள்ளல் போன்றவற்றுக்குப் பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 12 கிழமை பொறுக்கவேண்டும் என்றும், அதற்குப் பிறகும் சலம் போனாலோ கீழே பாரமாக இருந்தாலோ தொடங்கக்கூடாது என்றும் பிரித்தானிய இயன்மருத்துவர்கள் 2019இல் எழுதி வைத்திருக்கிறார்கள். உடற்கல்வி ரீச்சரான எனக்கே தெரியாது என்றால் தையல் மெசினில் இருக்கிறவளுக்கும் தோட்டத்தில் நிற்கிறவளுக்கும் யார் சொல்வது?

பயிற்சிக்கு வருகிறேன். கெகல் பயிற்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்னல்ட் கெகல் என்ற அமெரிக்க டொக்டர் 1948இல் எழுதிய கட்டுரையில் இருந்து வந்த பெயர். 'இறுக்கி விடு' என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பத்துக்கு ஐந்து பேர் பிழையாகத்தான் செய்வார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். நான் செய்தேன். சிநேகிதி பார்த்துவிட்டு, "குண்டி இறுகுது, தொடை இறுகுது, மூச்சும் நிண்டுபோச்சு. இறுகவேண்டியது மட்டும் இறுகேல்லை" என்றாள்.

பிறகு அவள் சொன்ன விதம் இது. முழங்காலை மடித்து ஒருக்களித்துப் படு, அல்லது கதிரையில் நிமிர்ந்து இரு. சபை நடுவில் காற்றுப் பறியப் பார்க்கிறது, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் தெரியாமல் அடக்கு. அதே நேரம் சலத்தையும் அடக்குகிறமாதிரி பின்னுக்கிருந்து முன்னுக்குக் கொண்டுவா. மூச்சை வெளியே விட்டுக்கொண்டு, கிணற்று வாளியை இழுக்கிறமாதிரி மெல்ல மேலே தூக்கு. மேலே வைத்திரு, சாதாரணமாக மூச்சு விடு. பிறகு கயிற்றைக் கைவிடாமல் வாளியை மெல்ல இறக்கு. முழுதாக இறங்கட்டும். அடிவரை இறங்காத வாளியில் தண்ணீர் ஏறாது.

அந்த இறக்கத்தை நான் வலியுறுத்திச் சொல்லவேண்டும். சில பெண்களுக்குத் தசை தளர்ந்திருக்காது, எந்நேரமும் இறுகிக் கிடக்கும். சலம் முழுதாகக் கழியாது, தாம்பத்தியத்தில் நோகும், இடுப்பின் அடியில் இழுவை இருக்கும். அவர்கள் மேலும் மேலும் இறுக்கினால் கூடும். அவர்களுக்கு முதலில் வேண்டியது தளர்த்தப் பழகுவது. உங்களுக்கு எது என்று தெரியாவிட்டால் ஒரு இயன்மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் நாள் என்னால் மூன்று எண்ணுமட்டும்தான் பிடித்திருக்க முடிந்தது. அதுவும் ஐந்தாவது தரத்தில் எங்கே பிடித்தேன், எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. ஒரு வேளைக்கு எட்டுத் தரத்துக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல். பிரித்தானிய அரச வழிகாட்டலும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. மெல்லமெல்லப் பத்து எண்ணுமட்டும் கூட்டவேண்டும். இடையில் சட் சட்டென்று இறுக்கி விடுகிற வேக இழுப்புகளும் வேண்டும், தும்மல் சொல்லிக்கொண்டு வருவதில்லையே. காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தில் கொதிக்கும் வரை, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிற்கும்போது, இரவு மகனுக்குப் பால் கொடுக்கும்போது என்று நேரம் பிரித்துக்கொண்டேன். சலம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதை மட்டும் செய்யாதீர்கள். தசை எதுவென்று அறிய ஒருதரம் பார்க்கலாம், அதைப் பயிற்சியாக வைத்துக்கொண்டால் சலப்பை சரியாகக் கழியாமல் போகலாம்.

இன்னொன்று, உடனே பலன் தந்தது. இருமப் போகிறோம், தும்மப் போகிறோம், பிள்ளையைத் தூக்கப் போகிறோம் என்று தெரிந்த கணமே, அதற்கு முன் ஒருதரம் இறுக்கிக்கொள்வது. 1998இல் வந்த ஓர் ஆய்வில் இதை மட்டும் பழகிய பெண்களுக்கு ஒரு கிழமைக்குள்ளேயே இருமும்போது போவது நன்றாகக் குறைந்திருந்தது. எனக்கும் தும்மல் ஒன்றரை மாதத்தில் வழிக்கு வந்தது. கயிறடிக்க ஐந்து மாதம் எடுத்தது. இப்போதும் களைத்த நாளில், சலப்பை நிறைந்திருந்தால், கொஞ்சம் போகும். போனால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன்.

என்னை உறுத்துவது, இதில் ஒரு பகுதியையாவது பிள்ளை பிறக்குமுன்னரே தடுத்திருக்கலாம் என்பதுதான். நோர்வேயில் முதற் கர்ப்பிணிகள் 301 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. ஐந்தாம் மாதம் தொடக்கம் 12 கிழமை இயன்மருத்துவரோடு பயிற்சி செய்தவர்களில், பிரசவமாகி மூன்று மாதத்தில் சலம் கசிந்தவர்கள் 20 வீதம். வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 32 வீதம். 'தசை பலத்தால் பிள்ளை வரக் கஷ்டப்படும்' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதே பெண்களின் பிரசவத்தைப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களில் கனநேரம் முக்கவேண்டி வந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். இறுக்கத் தெரிந்த தசைக்கு விடவும் தெரியும்.

பாரிசில் இருக்கிற மச்சாளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அது இஞ்ச எல்லாருக்கும் எழுதித் தாறவை. பத்துத்தரம் போனனான், காசில்லை" என்றார். பிரசவத்துக்குப் பிறகு இந்தத் தசைக்கென்று பத்து அமர்வு, செலவு அரச காப்புறுதியோடு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறமாதிரி, வழமையான ஒன்றாகச் சொன்னார். பாரிசின் லா சப்பலில் மரக்கறி வாங்குகிற எங்கள் பெண்ணுக்கு வழமையாகக் கிடைப்பது கொக்குவில் சந்தையில் வாங்குகிறவளுக்கு ஏன் கேள்விப்படாத ஒன்றாக இருக்கவேண்டும்? ஆள் இல்லாமல் இல்லை. கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வருகிற குடும்பநல உத்தியோகத்தர் எங்களிடம் இருக்கிறார். பிள்ளை பிறந்த பிறகும் வந்து தையலைப் பார்க்கிறார், பால் வருகிறதா என்று கேட்கிறார். 'இருமினா சலம் போகுதா?' என்ற ஒரு கேள்வியை அதோடு சேர்த்துக் கேட்டால் போதும். கேட்டால் சொல்வார்கள். கேட்காததால்தான் அம்மா வேட்டியைக் கிழித்தார்.

சொல் இல்லாததும் ஒரு காரணமோ என்று யோசித்திருக்கிறேன். ஆனால் சொல் இல்லாத ஊரா இது? அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் 1850களிலேயே தமிழில் நூலாக்கினார். இடுப்பெலும்புக் குழிக்கு மருத்துவத் தமிழில் கூபகம் என்று பெயர். கூபம் என்றால் கிணறு. கிணற்றோடு வாழ்கிற எங்களுக்கு இதைவிட விளங்கக்கூடிய சொல் வேறென்ன வேண்டும்? ஆனால் எங்கள் வீடுகளில் அந்தக் கிணற்றின் அடியைப் பற்றி, தாய் மகளுக்கே சொல்வதில்லை.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு அது வேண்டும். 31 நாள் பாரம் தூக்கவிடாமல் ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது, வேது, சுறா வறை, சரக்குக் கறி எல்லாம் அன்பான ஏற்பாடுகள். அம்மாவுக்கு யுத்தம் பறித்ததும் அதைத்தான். ஆனால் 'தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்' என்று தண்ணீரைக் குறைப்பதும் மரக்கறி, பழத்தை விலக்குவதும் பிழை. மலம் இறுகும், முக்கவேண்டி வரும். ஆறாத தசைக்கு முக்குவதைப்போலக் கெடுதல் வேறில்லை. வயிற்றைச் சேலையால் கட்டுவது நடக்க ஒரு ஆறுதலாக இருக்கும், தசையைப் பலப்படுத்தாது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டாதீர்கள்.

கர்ப்பகாலத்தில் அசையாமல் இருக்கவேண்டும் என்பதும் பொதுவாகச் சரியில்லை. வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணி கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை இயக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. கிழமையில் ஐந்து நாள் விடியற்காலையில் ஒழுங்கையால் அரைமணி நேரம் கை வீசி நடந்தாலே கணக்குச் சரி. மூச்சு வாங்கினாலும் கதைக்கக்கூடியதாக இருக்கவேண்டும், அதுதான் அளவு. வயிறு பெரிதான பிறகு கனநேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி வேண்டாம், கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அமர்த்தும். சமநிலை மாறுவதால் சைக்கிளையும் ஏழு, எட்டு மாதத்தில் சாத்தி வைப்பது நல்லது. இரத்தம் பட்டால், நீர் போனால், தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால், கெண்டைக்கால் வீங்கி நொந்தால் அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரத்த அழுத்தம் கூடியவர்களும் நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களும் கிளினிக்கில் கேட்காமல் தொடங்கவே கூடாது.

அம்மாவை, பெண்களின் உடல்நலத்தைப் பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று இரண்டு மாதம் சாட்டுச் சொன்னார். பரிசோதித்தவர் ஒரு பெண், மெதுவாகக் கேட்டார், "கீழ ஏதும் தட்டுப்படுதோ அம்மா?" அம்மா என்னை வெளியே போகச் சொன்னார். கருப்பை இறங்கியிருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். பயிற்சியும் சொன்னார்கள். அறுபது வயதுக்கு மேலும் தசை பழகும் என்பதை நான் வீட்டில் கண்ணால் பார்க்கிறேன். கொடியில் துண்டுகள் இப்போது இரண்டுதான் காய்கின்றன, பாவாடைக்குக் கீழே மறைத்தும் போடுவதில்லை. இந்தமுறை தேருக்கு வந்தார். அடி அழிக்கவில்லை. வளையத்தோடு அழிக்கலாமா என்று டொக்டரிடம் கேட்கவேண்டும் என்கிறார், இன்னும் கேட்கவில்லை.

தம்பியின் மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து விறாந்தைக் கதிரையில் இருப்பாள், நான் சொல்லிக் கொடுப்பேன். நேற்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம், வரப் பிந்திவிட்டது. படலையைத் திறக்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது. ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார், மகன் உள்ளே நித்திரை. முன்னால் மருமகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"மூச்சைப் பிடியாத பிள்ளை. விடேக்க இழு. … ஆறு, ஏழு, எட்டு. இனி மெல்ல இறக்கு."